புதையலும் முழு விலையும்

1887ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டின் ஹமமாட்சு நகரிலிருந்த ஒரு தொடக்கப் பள்ளியில், அமெரிக்காவிலிருந்து வரவழைக்கப்பட்ட இசைப்பெட்டி ஒன்று பழுதுற்றது. நம் கோவில்களில் பாடகர் குழுவினர் காலால் மிதித்து வாசித்த பழைய ஆர்மோனியத்தை ஒத்தது அது. அதைச் செப்பனிட அழைக்கப்பட்டவர், மருத்துவக் கருவிகளைப் பழுது பார்த்துப் பிழைத்து வந்த தொராகுசு யமஹா என்பவர். அவர் பழுதை நீக்கியதோடு நிற்கவில்லை. இதைப் போன்ற ஒன்றை நாமே ஏன் செய்யக் கூடாது என்று எண்ணினார், செய்தும் முடித்தார். தாம் செய்த பெட்டியைத் தோழர் ஒருவருடன் தோளில் சுமந்து, ஹகோனே மலைப்பாதையைக் கடந்து, தோக்கியோ நகரத்து இசைப் பள்ளிக்குக் கொண்டு சென்றார். சுருதி சரியில்லை என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அவர் மனம் தளரவில்லை. அங்கேயே இசை இலக்கணம் பயின்று, ஊர் திரும்பிச் சுருதி குன்றாத மற்றொரு பெட்டியைச் செய்தார்.

அவர் பெயரைத் தாங்கிய நிறுவனமே 1955ஆம் ஆண்டில் மோட்டார் சைக்கிள் செய்யப் புகுந்தது. யமஹா வண்டிகளின் தொட்டியில் காணப்படும் சின்னத்தை உற்று நோக்குங்கள். அதில் மூன்று இசைக்கவைகள் குறுக்கிட்டு நிற்பதைக் காண்பீர்கள். சுருதி பார்க்க உதவும் கருவி, சாலையில் ஓடும் வண்டிக்குச் சின்னமான கதை இதுதான். ஒரு பெரும் தொழிலின் வேர், பழுதுற்ற ஒன்றைத் தூக்கி எறியாமல் திருத்த முற்பட்ட ஒருவரின் பொறுமையில் இருக்கிறது. பழைய ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களைத் தேடிச் சேர்த்து, செப்பனிட்டு, மீண்டும் ஓடச் செய்வதை ஓய்வுநேரப் பணியாகக் கொண்டுள்ள எங்களுக்கு இந்த வரலாறு மிகவும் பிடிக்கும்.

சோய்ச்சிரோ ஹோண்டாவின் வரலாறும் இதைப் போன்றதே. இரண்டாம் உலகப் போரில் குண்டு வீச்சால் ஹமமாட்சு நகரம் பாழானது. மக்கள் நெரிசல் மிகுந்த இரயில்களில் தொங்கிக்கொண்டும், மிதிவண்டிகளில் சுமையேற்றிக்கொண்டும் உணவுப் பொருளைத் தேடி அலைந்தார்கள். 1946ஆம் ஆண்டில், இராணுவம் தன் கம்பியில்லாத் தந்திக் கருவிகளுக்கு மின்சாரம் எடுக்கப் பயன்படுத்திய சிறிய இயந்திரங்கள் ஹோண்டாவின் கண்ணில் பட்டன. போர் முடிந்தபின் அவற்றைக் கேட்பார் இல்லை. அவற்றை மிதிவண்டிகளில் பொருத்தினார். ஓட்டிப் பார்த்தவர்களில் அவர் மனைவி சாச்சியும் ஒருவர். போருக்கென்று செய்த பொருள், வீட்டுக்கு அரிசி கொண்டு வரும் பொருளாக மாறிற்று. வாளையும் கலப்பையையும் பற்றி எசாயா இறைவாக்கினர் கண்ட கனவின் சிறு துளி இதில் இல்லையா? 1948இல் அவர் தொடங்கிய நிறுவனம் 1958இல் வெளியிட்ட ‘சூப்பர் கப்’ என்னும் சிறு வண்டி, 2017ஆம் ஆண்டில் பத்துக் கோடி என்னும் எண்ணிக்கையை எட்டியது.

நம் நாட்டுக்கு ஜப்பானியர் கூட்டுறவோடு வண்டிகள் வரத் தொடங்கியது 1980களில்தான். 1983இல் ராஜ்தூத் 350 வந்தது. 1984இல் நம் ஓசூரிலிருந்தே இந்த்-சுசுகி வண்டிகள் புறப்பட்டன. 1985இல் ஹீரோ ஹோண்டாவும் யமஹா ஆர்.எக்ஸ். 100 என்னும் வண்டியும், அடுத்த ஆண்டில் கவாசாகி பஜாஜும் வந்தன. கனத்த வண்டிகளையும் ஸ்கூட்டர்களையும் பார்த்துப் பழகிய நம் ஊர்ச் சாலைகளில், ஓர் உதைக்கே உயிர் பெற்று எழுந்த இந்த இலேசான வண்டிகள் வியப்பை விளைத்தன. ஆசிரியர்களும், கூட்டுறவு வங்கி எழுத்தர்களும், கிராமச் செவிலியரின் கணவன்மாரும் கடன் பெற்று அவற்றை வாங்கினார்கள். பல குடும்பங்களுக்கு அதுவே முதல் வாகனம். முன்னே பெட்ரோல் தொட்டியின்மேல் ஒரு குழந்தை, பின்னே மடியில் இன்னொரு குழந்தையோடு தாய் என்று ஞாயிறு திருப்பலிக்குப் போன குடும்பங்களை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டு ஒழுங்கு

நாங்கள் கணவனும் மனைவியும் ஆவோம். எங்களுள் ஒருவர் ஸ்பேனர் பிடிப்பவர். மற்றவர் கணக்குப் புத்தகம் பிடிப்பவர். இவ்விரண்டில் எது கடினமான வேலை என்பதில் எங்களுக்குள் இன்றும் ஒருமனப்பாடு இல்லை.

வீட்டின் பின்புறத் தாழ்வாரத்தில் மூன்று வண்டிகள் நிற்க மட்டுமே இடம் உண்டு. நான்காவது வந்தால் ஒன்று வெளியேற வேண்டும். இதுவே முதல் விதி. ஒரு வண்டிக்கென்று செலவிடும் தொகையில் பத்தில் ஒரு பங்கைப் பங்கிலுள்ள வின்சென்ட் தே பவுல் சபைக்குத் தந்துவிட வேண்டும் என்பது இரண்டாவது. குழந்தைகளின் படிப்புக்கென்று ஒதுக்கியதில் கை வைப்பதில்லை என்பது மூன்றாவது. இவ்விதிகள் இல்லாவிட்டால் இந்த ஆசை எங்கே கொண்டு போய் நிறுத்தும் என்பதை, இதே ஆசை உள்ள வேறு சில வீடுகளைப் பார்த்து அறிந்திருக்கிறோம். பொருள்களைச் சேர்ப்பவன் ஒரு கட்டத்தில் பொருள்களால் சேர்க்கப்பட்டவன் ஆகிவிடுகிறான்.

சட்டத்தையும் சொல்லிவிடுவோம். 2021ஆம் ஆண்டில் நடுவண் அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவு பெற்று 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளே பழங்கால வண்டிகள் என்னும் தனிப் பிரிவில் சேரும். 1980களின் வண்டிகளுக்கு அந்த வயது இன்னும் ஆகவில்லை. 15 ஆண்டுகள் முடிந்ததும் சோதனைக்குக் காட்டி, ஐந்தாண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். உரிமையாளர் இறந்திருந்தால், முதலில் வாரிசின் பெயருக்குப் பதிவை மாற்றிய பின்னரே விற்க இயலும்.

வேறொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இவ்வண்டிகளுள் பல, பெட்ரோலோடு எண்ணெயையும் சேர்த்து எரிக்கும் இரண்டு வீச்சு இயந்திரங்கள் கொண்டவை. அவை விடும் நீலப் புகை காற்றுக்குக் கேடு. ஆர்.எக்ஸ். 100 வண்டியின் உற்பத்தி 1996இல் நின்றதற்குப் புகைக் கட்டுப்பாடும் ஒரு காரணம். ஆகவே அன்றாட வேலைக்கு நாங்கள் பேருந்திலேயே செல்கிறோம். இயந்திரம் இறுகிப் போகாமலிருக்க, மாதத்தில் ஓரிரு முறை மட்டும் இவற்றை ஓட்டுகிறோம்.

பொறுமையின் பள்ளிக்கூடம்

பல ஆண்டுகள் நின்றுபோன வண்டியைச் செப்பனிட வருபவருக்கு முதலில் வேண்டியது கருவி அன்று, காத்திருக்கும் மனம். துருவேறி இறுகிய பிஸ்டனைப் பலவந்தமாக அசைத்தால் உடைந்துவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாகச் சிறிது டீசலை ஊற்றிவிட்டு ஒரு வாரம் சும்மா இருக்க வேண்டும். தினமும் கிக்கரை இலேசாகத் தொட்டுப் பார்க்கலாம், உதைக்கக் கூடாது. ஒரு நாள் காலையில் அது ஒரு விரற்கடை அசைந்து கொடுக்கும். அன்று வீட்டில் ஒரு பண்டிகை.

ஜப்பானிய வண்டிகளின் திருகாணிகளில் உள்ள சிலுவைக் குறி, நம் கடைகளில் கிடைக்கும் திருப்புளிகளுக்கு முழுமையாகப் பொருந்துவதில்லை. அந்நாட்டுத் தரம் சிறிது வேறானது. பொருந்தாத திருப்புளியை அழுத்தித் திருகினால் திருகாணியின் தலை வழவழப்பாகிவிடும். பிறகு எதனாலும் கழற்ற இயலாது. ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய சாவி உண்டு. அது கிடைக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பதே மேல் என்பதை அந்தச் சிறு திருகாணிகளே எங்களுக்குக் கற்பித்தன. பிள்ளை வளர்ப்புக்கும் இது பொருந்தும் என்று கணக்குப் புத்தகம் பிடிப்பவர் சொல்வதுண்டு.

பெட்ரோல் தொட்டிக்குள் படிந்த துருவை நீக்க, வினிகரை நிரப்பி ஒரு நாள் ஊற வைத்து, கைப்பிடியளவு சிறு நட்டுகளைப் போட்டுக் குலுக்கி, சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, வெயிலில் நன்கு காய வைக்க வேண்டும். ஆர்.எக்ஸ். 100 இயந்திரத்தின் சிலிண்டர் 50 மில்லிமீட்டர் விட்டமுடையது. பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவும் அதே 50 மில்லிமீட்டர்தான். தேய்ந்த சிலிண்டரைக் கால் மில்லிமீட்டர் கடைந்து, அதற்கேற்ற சற்றே பெரிய பிஸ்டனைப் போட்டுக்கொள்ளலாம். இப்படிச் சில முறை கடையலாம். அதற்குமேல் உலோகம் தாங்காது. மன்னிப்பைப் போல் அதற்கும் எல்லை இல்லாதிருந்தால் நன்றாயிருக்கும்!

அந்த இயந்திரத்துக்குள் ஒரு சிறு உறுப்பு இருக்கிறது. மெல்லிய உலோக நாக்குகள் கொண்ட வால்வு அது. எரிபொருளும் காற்றும் கலந்த ஆவி வரும்போது அந்நாக்குகள் திறந்து வழிவிடும். திரும்பிப் போகப் பார்த்தால் மூடிக்கொள்ளும். ஆர்மோனியத்துக்குள் காற்றில் அதிர்ந்து ஒலி எழுப்புவதும் இதன் இனத்தைச் சேர்ந்த உலோக நாக்குத்தான். அதை முதல் முறை கையில் எடுத்துப் பார்த்தபோது, 1887ஆம் ஆண்டின் அந்தப் பழுதுற்ற இசைப்பெட்டியை நாங்கள் நினைக்காமல் இல்லை.

நிலத்தில் கிடந்த புதையல்

இந்த ஆசைக்கு ஒரு சோதனை உண்டு. பழைய வண்டிகளின் விலை இன்று மிகவும் ஏறிவிட்டது. இது நகரத்தாருக்குத் தெரியும். கிராமத்தில் மாட்டுக் கொட்டகையில் வண்டியைச் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கும் மூதாட்டிக்குத் தெரியாது. சேகரிப்பாளர்கள் கூடும் இடங்களில் பெருமையாகப் பேசப்படுவது பெரும்பாலும் இதுதான்: “பழைய இரும்பு விலைக்கு வாங்கினேன்.” கேட்பவர்கள் கை தட்டுவார்கள்.

ஒரு முறை திண்டுக்கல்லுக்கு அப்பாலுள்ள சிற்றூர் ஒன்றில், ஆர்.எக்ஸ். 100 ஒன்று இருப்பதாகச் செய்தி கிடைத்து நாங்கள் சென்றோம். 1987இல் வாங்கியது. வாங்கியவர் மிஷன் பள்ளியொன்றின் தலைமையாசிரியர். அவர் இறந்து 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. வண்டியின் ஆவணங்கள் எல்லாம், ஜெபமாலையும் பழைய ஜெபப் புத்தகமும் இருந்த தகரப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. அவருடைய மனைவி எங்களுக்கு மோர் கொடுத்து உட்கார வைத்தார்.

“பத்தாயிரம் தர்றேன்னு ஒருத்தர் வந்து கேட்டுட்டுப் போனார் தம்பி. நீங்க பன்னிரண்டு குடுங்க. பேத்திக்கு நர்ஸ் படிப்புக்கு இந்த மாசம் பணம் கட்டணும்” என்றார்.

எங்கள் பையில் இருபதாயிரம் ரூபாய் இருந்தது. அதற்குமேல் எங்களிடம் இல்லை. வண்டியின் நிலையையும் ஆவணங்களையும் பார்த்தபோது, நாற்பத்தையாயிரத்துக்குக் குறையாமல் அதை எவரும் எடுத்துக்கொள்வார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தது. பன்னிரண்டை எண்ணிக் கொடுத்து, அவர் ஆசியையும் பெற்று, வண்டியை ஏற்றிக்கொண்டு வந்திருக்கலாம். சட்டம் எங்களைத் தொடாது. அவரே கேட்ட விலையல்லவா?

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கணக்குப் புத்தகம் பிடிப்பவர்தான் வாய் திறந்தார். “அம்மா, இது நாற்பத்தையாயிரம் பெறும். எங்ககிட்ட இப்போ அவ்வளவு இல்லை. யாருக்கும் அவசரப்பட்டுக் குடுத்துடாதீங்க” என்றார். அந்த அம்மையார் எங்களை நம்பவில்லை. ஏதோ சூழ்ச்சி என்று அவர் அஞ்சியது முகத்தில் தெரிந்தது. “யோசிச்சுச் சொல்றேன் தாயி” என்று மட்டும் சொன்னார். வெறுங்கையோடு பேருந்து ஏறினோம். வழியெல்லாம் ஸ்பேனர் பிடிப்பவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இதை அறிந்த சக சேகரிப்பாளர் ஒருவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். கோவிலுக்குத் தவறாமல் வருபவர்தான். “ஆண்டவரே சொன்ன உவமை இருக்கிறதே! நிலத்தில் புதையலைக் கண்டவன் அதை மூடி மறைத்துவிட்டுத்தானே போய் நிலத்தை வாங்கினான்? உரிமையாளரிடம் சொல்லிவிட்டா வாங்கினான்?” என்று கேட்டார். அந்தக் கேள்வி எங்களைச் சில நாள் உறுத்தியது. உவமையைத் திரும்பத் திரும்பப் படித்தோம்.

விடை கிடைத்தது. அந்த மனிதன் நிலத்தைக் குறைந்த விலைக்கு வாங்கினான் என்று ஆண்டவர் சொல்லவே இல்லை. தனக்கு உள்ளதையெல்லாம் விற்று வாங்கினான் என்றே சொன்னார். உவமையின் உயிர் மறைத்ததில் இல்லை; எதையும் மிச்சம் வைக்காமல் கொடுத்ததில் இருக்கிறது. விலைமதிப்புள்ள முத்தைக் கண்ட வணிகனும் அவ்வாறே செய்தான். இறையரசு மலிவு விலையில் கிடைக்கும் என்று அந்த உவமைகளில் எங்கும் இல்லை. நாமோ, மதிப்புள்ளதை மதிப்பில்லாத விலைக்குப் பெறுவதையே சாமர்த்தியம் என்கிறோம். ஏழையின் அறியாமையிலிருந்து எடுக்கும் இலாபம், அவர் பையிலிருந்து எடுக்கும் பணத்தைவிட எவ்வகையில் மேலானது?

மூன்று வாரங்களுக்குப் பின் தொலைபேசி ஒலித்தது. அந்த அம்மையார் தம் உறவினர் மூலம் இரண்டு மூன்று இடங்களில் விசாரித்திருந்தார். பேத்தியின் படிப்புக்கு முதல் தவணையை யாரிடமோ கைமாற்று வாங்கிக் கட்டிவிட்டாராம். “நீங்க சொன்னதுதான் சரியான விலைன்னு சொன்னாங்க. வேற ஆளும் வந்து கேட்டாங்க. நான் உங்களுக்குத்தான் தருவேன்” என்றார்.

தாழ்வாரத்திலிருந்த மூன்றில் ஒன்றான 1984ஆம் ஆண்டு இந்த்-சுசுகியை, அதன் குறைகளை எல்லாம் சொல்லி, உரிய விலைக்கு ஓர் இளைஞரிடம் விற்றோம். நாற்பத்தையாயிரத்தையும் ஒரே தவணையாகக் கொண்டு போய்க் கொடுத்தோம். வாரிசுச் சான்றிதழ் வாங்கவும், பதிவை அவர் பெயருக்கு மாற்றவும் அலுவலகங்களுக்கு உடன் சென்றோம்.

நிமிர்த்தாத பள்ளம்

வண்டியை ஏற்றும்போது அந்த அம்மையார் ஒரு வேண்டுகோள் விடுத்தார். தொட்டியின் இடப் பக்கத்தில் ஒரு பள்ளம் இருந்தது. “எல்லாத்தையும் புதுசாக்குங்க தம்பி. இந்தப் பள்ளத்தை மட்டும் நிமிர்த்திடாதீங்க” என்றார். ஒரு மழை இரவில், தெருக்கோடியில் ஒரு பெண் பிரசவ வேதனையில் துடிக்க, நர்ஸ் சிஸ்டரை அழைத்து வரத் தலைமையாசிரியர் இந்த வண்டியில் புறப்பட்டார். சேற்றில் சறுக்கி விழுந்தார். தொட்டி கல்லில் மோதியது. அவர் முழங்கையும் முறிந்தது. முறிந்த கையோடேயே போய்ச் சிஸ்டரை அழைத்து வந்தார். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. அந்தப் பிள்ளைதான் எங்களுக்கு வண்டியை ஏற்றிக் கொடுத்த வாலிபன்.

பெயிண்டர் ஒப்புக்கொள்ளவில்லை. “பள்ளத்தோட பெயிண்ட் அடிச்சா என் பேரு கெட்டுடும் சார். டிங்கரிங் பண்ணி அரை மணி நேரத்துல எடுத்துடலாம்” என்றார். கதையைச் சொன்னோம். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பள்ளத்தின் உட்புறத்தையும் விரலால் தேய்த்து, மற்ற இடங்களைவிட அதிகக் கவனத்தோடு வண்ணம் பூசித் தந்தார். கூலியில் நூறு ரூபாய் குறைத்தும் கொண்டார்.

செப்பனிடுதல் என்பது, நடந்தவை எல்லாம் நடக்கவில்லை என்று காட்டுவதா? துரு வேறு, தழும்பு வேறு. கவனியாமல் விட்டதால் வருவது துரு. அதைச் சுரண்டி எறிய வேண்டும். அன்பு செய்ததால் வருவது தழும்பு. உயிர்த்த ஆண்டவரின் மாட்சிமை பெற்ற உடலில் பசியும் களைப்பும் சாவும் இல்லை. ஆனால் ஆணிக் காயங்கள் இருந்தன. அவற்றைக் காட்டித்தான் புனித தோமையாரை விசுவாசத்துக்கு அழைத்தார். தந்தை தம் மகனை எழுப்பியபோது அக்காயங்களை மறைக்கவில்லை, மகிமைப்படுத்தினார்.

நம் இல்லங்களிலும் இத்தகைய பொருள்கள் இருக்கின்றன. அம்மாவின் விளிம்பு நசுங்கிய வெண்கலப் பானை, தாத்தாவின் கைப்பிடி தேய்ந்த மண்வெட்டி, அப்பாவின் சைக்கிள். அவற்றை விற்கும்முன், அவற்றின் பள்ளங்களுக்குக் காரணம் என்ன என்று வீட்டிலுள்ள முதியவர்களை ஒரு முறை கேட்டுப் பாருங்கள். கேட்காவிட்டால் அந்தக் கதை அவர்களோடு மண்ணுக்குள் போய்விடும். வாங்கும் இடத்தில் இருப்பவராயின், எதிரே நிற்பவர் அறியாததை நாம் அறிந்திருக்கும் அந்த ஒரு நொடியில், நம் விசுவாசம் சோதிக்கப்படுகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். அந்த நொடியில் உண்மை விலையைச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புபவர் எதையும் இழந்தவர் அல்லர். இரவில் ஜெபமாலையைக் கையில் எடுக்கும்போது அது அவருக்குத் தெரியும்.